மிச்ச மாத்திரை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலம்தானே?

அண்ணி போட்ட சட்டப்படி இந்தக் கடிதம். "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா யாராவது ஒருத்தர் பாதியில வச்சிடுறீங்க. லெட்டர் எழுதுங்க. லெட்டரப் பாதியில வைக்க முடியாதுல்ல" என்று அவர் சொன்னது சரிதான். போன வாரம் பாதியில் வைத்தது நான் என்பதால் முதலில் எழுதுவதும் நானே. மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. எழுத்தில் இன்னும் நிதானமாகத் திட்டலாம் என்று இப்போதுதான் தெரிகிறது.

விடுமுறைக்கு வந்தபோது உன் மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா? மூட்டை தூக்குகிறவர் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். "சளிண்ணே. போன தடவ குடுத்தீங்களே, அதுல ரெண்டு குடுங்க" என்றார். நீ டாக்டர் சீட்டு கேட்கவில்லை. எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் கத்தரிக்கோலை எடுத்து, அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை நறுக்கி நீட்டினாய். அது ஆன்டிபயாடிக். சாதாரண மூக்குச் சளிக்கு அது ஒன்றுமே செய்யாது. செய்யும் நோய்க்கும் டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிட்டால்தான் செய்யும். இது உனக்குத் தெரியாததா?

என் வேலை என்னவென்று நீ ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இப்போது படி. நோயாளியின் சளியைச் சிவப்புக் கூழ் பரப்பிய தட்டில் தீட்டி வைப்பேன். மறுநாள் கிருமி முளைத்திருக்கும். அதை வேறொரு தட்டில் பரப்பி, மேலே பொட்டளவு மருந்து வில்லைகளை வரிசையாக வைப்பேன். எந்த மருந்து கொல்கிறதோ அந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வெற்று வட்டம் விழும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தட்டு நிறைய வட்டங்கள். இப்போது கிருமி வில்லையின் ஓரம் வரை வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. உன் இரண்டு மாத்திரையில் செத்தது நோஞ்சான் கிருமி. பிழைத்துக்கொண்டது மருந்துக்குப் பழகிய முரட்டுக் கிருமி. அதுதான் குடும்பம் நடத்திப் பிள்ளை பெறுகிறது.

அந்தக் கத்தரிக்கோலைக் கழற்றி எறி. வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


ஜனவரி 27

கிருமி மேய்க்கும் என் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். இப்படித் திட்டுவதற்குத் தெம்பு வேண்டும்.

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். படிக்கப் படிக்கக் காது சூடாகிவிட்டது. பார்மசி படித்தது நான். ராத்திரி பகலாகப் படித்த பாடத்தை நீ எனக்கே ஒப்பிக்கிறாய்.

உன் ஆய்வகத்தில் ஏசி ஓடும். என் கடையில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நீ பார்ப்பது தட்டில் வளர்கிற கிருமியை. நான் பார்ப்பது அதைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிற ஆளை. அந்த மூட்டைக்காரரிடம் டாக்டரைப் பார்க்கச் சொல்லாமலா இருந்தேன்? "டாக்டருகிட்ட போய் உக்காந்தா அரை நாள் போச்சுண்ணே. மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவான். குடுக்க முடியாதுன்னா சொல்லுங்க, எதிர்ல வாங்கிக்கிறேன்" என்றார். எதிர்க்கடைக்காரன் கேட்டதற்கு ஒன்றாக, கேட்காததற்கு இரண்டாகத் தருவான். நானாவது தண்ணீர் நிறையக் குடி, வெறும் வயிற்றில் போடாதே என்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புகிறேன்.

முழு அட்டை வாங்கு என்றால் ஆள் வாங்குவானா? வாங்கினாலும் உடம்பு லேசானதும் மிச்சத்தை அலமாரியில் போட்டுவிடுவான். ஊரே இப்படி இருக்க, உன் கண்ணுக்கு என் கத்தரிக்கோல் ஒன்றுதான் தெரிகிறது. சொந்த அண்ணன் என்றால் திட்டுவதற்கு வசதி.

கோபம் ஆறியதும் எழுது.

அண்ணன்

இது நான், அண்ணி. கடிதத்தை முடித்துவிட்டு ஏதோ ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பள்ளிச் சீருடைத் தையல் வந்து குவிந்துவிட்டது. துணித் தூசியோ என்னவோ, கொஞ்ச நாளாகத் தொண்டையில் கரகரப்பும் இருமலும். உனக்கு நீலத்தில் ஒரு சட்டைத்துணி எடுத்திருக்கிறேன். கை முழுசாகவா, அரையாகவா என்று எழுது.


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

சொந்த அண்ணன் என்பதால்தான் திட்டுகிறேன். மற்றவர்களைத் திட்டினால் வேலை போய்விடும். அப்படி வேலை போகக்கூடிய ஒரு திட்டை உனக்கு எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு பஸ் டிரைவரின் சளி வந்தது. நுரையீரல் முழுக்கக் கிருமி. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே மூன்று கடையில் மூன்று மருந்து சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். இங்கே வந்த அன்று பெரிய டாக்டர், சோதனைக்கு எடுக்கும் முன்பே இருப்பதிலேயே பெரிய மருந்தை ஊசியில் ஏற்றச் சொல்லிவிட்டார். நான் தட்டைப் பார்த்தேன். அந்தப் பெரிய மருந்து வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. பழைய மருந்து ஒன்றுக்குத்தான், அதுவும் கண்ணை இடுக்கிப் பார்க்கிற அளவுக்கு, ஒரு வட்டம். வார்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். பெரிய டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரிப்போர்ட்டா? ஃபைல்ல வச்சிட்டுப் போம்மா."

ஃபைலில் வைத்தேன். நேற்று மறுபடி போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள். ரிப்போர்ட் அதே இடத்தில் மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தட்டுகளைக் கீழே போட்டிருப்பேன். போட்டால் அதைத் துடைக்க வேண்டியதும் நான்தான்.

கடை, டாக்டர், நோயாளி என்று ஆளாளுக்கு அடுத்தவனைக் கை காட்டுகிறீர்கள். கிருமி மட்டும் யாரையும் கை காட்டாமல் அதன் வேலையைப் பார்க்கிறது.

அண்ணி, அரைக் கை போதும். சீக்கிரம் தைத்து அனுப்புங்கள்.

உன் தங்கை


மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பஸ் டிரைவர் கதையைப் படித்து மனது கஷ்டமாகிவிட்டது. அதற்காக என் மேல் பாய்ந்தது நியாயமில்லை. உன் பெரிய டாக்டர் செய்கிற காரியத்தைத்தானே நானும் சின்ன அளவில் செய்கிறேன்? அவர் செய்தால் மருத்துவம், நான் செய்தால் குற்றம்.

இன்னொன்று கேள். ஒரு மருந்துக் கம்பெனி ஆள் வந்திருந்தான். புது மாத்திரை, எதுவும் கேட்காத இருமலும் இதற்குக் கேட்கும் என்கிறான். இத்தனை பெட்டி எடுத்தால் ஒரு சுவர்க் கடிகாரம் இலவசமாம். "சார், நீங்க டாக்டர் சீட்டெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தா கடிகாரம் எதிர்க்கடைக்குப் போயிரும்" என்று சிரிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு பெட்டி எடுத்து வைத்தேன். தேவைப்படுகிற ஆள் வந்து நின்றால் இல்லையென்று சொல்ல முடியுமா?

கடிகாரம் வாங்கவில்லை. அதை நீ பாராட்டி எழுத மாட்டாய்.

அண்ணன்

அண்ணி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. குரல் கட்டிவிட்டது, பேசினால் இருமல் வருகிறது. இங்கே மாத்திரைக்கா பஞ்சம்? டப்பாவில் இருந்ததைப் போட்டுக்கொண்டேன். சட்டை வெட்டிவிட்டேன், இணைக்க வேண்டும்.


மார்ச் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன்னைப் பாராட்டுகிறேன். கடிகாரம் வாங்காத மகானே, அந்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பு.

எனக்கு இங்கே ஒரு சின்ன வெற்றி. டிரைவர் விஷயத்தை எங்கள் ஆய்வகத் தலைவியிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் பெரிய டாக்டரின் அறைக்கே போய், இனி சளி எடுத்த பிறகுதான் மருந்து, ரிப்போர்ட் வந்ததும் மருந்தை மாற்றியாக வேண்டும் என்று சண்டை போட்டு எழுதி வாங்கி வந்துவிட்டார். அடுத்த மாதம் மருந்துக்கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போடுகிறோம். பேசப்போவது நான். முதல் வரிசையில் உன்னை உட்கார வைத்துத் திட்ட வேண்டும் போல இருக்கிறது.

கூட்டத்துக்காகப் படிக்கிறபோது இன்னும் வயிறு எரிகிறது. கோழிப் பண்ணையில் நோய் இல்லாத கோழிக்கும் தீவனத்தோடு இதே மருந்தைக் கலந்து போடுகிற ஊர்கள் இருக்கின்றனவாம். புது மருந்து கண்டுபிடிக்கவோ கம்பெனிகளுக்கு மனமில்லை. கொஞ்ச நாள் மட்டும் சாப்பிடுகிற மருந்தில் அவர்களுக்கு என்ன வரப்போகிறது? இருக்கிற மருந்தையும் நாம் இப்படி வாரி இறைக்கிறோம்.

கூட்டத்துக்கு நீலச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அண்ணியிடம் சொல்.

உன் தங்கை


ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம்.

வேலை அதிகம். அதனால்தான் எழுதவில்லை. உன் அண்ணிக்கும் தையல் நெருக்கடி, அவளால் இந்தத் தடவை எழுத முடியவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கடைக்கு வருகிற ஒருவருக்கு வெகு நாளாக இருமல். சளி பச்சையாக வருகிறது. சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறது. முதலில் சாதாரண மாத்திரை கொடுத்தேன். கொஞ்சம் குறைந்தது, மறுபடி வந்தது. பிறகு அடுத்ததைக் கொடுத்தேன். அதற்கும் அப்படியே. இப்போது அந்தக் கம்பெனி ஆள் கொடுத்த புது மாத்திரையும் ஆயிற்று. நீ தினமும் தட்டைப் பார்க்கிறவள். இப்போதெல்லாம் எதற்கு வட்டம் விழுகிறது என்று உனக்குத் தெரியும். பேரை மட்டும் எழுது. கொஞ்சம் அவசரம்.

கூட்டத்தில் நன்றாகப் பேசு.

அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணா,

நலம்.

எழுத மாட்டேன்.

மூன்று மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு நீ செய்த மரியாதை இதுதானா? ஒன்று மாற்றி ஒன்றாக மூன்று மருந்தை ஒரு மனிதருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, நாலாவதற்கு என்னிடம் பேர் கேட்கிறாய். ஒரு ஆளின் கிருமிக்கு வட்டம் போட்ட மருந்து இன்னொரு ஆளின் கிருமிக்குப் போடாது. அவர் சளி தட்டுக்கு வராமல் யாராலும் சொல்ல முடியாது. அது காசநோயாகவும் இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். அவரை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. போக மாட்டேன் என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ. கடையை ஒரு நாள் பூட்டினால் ஊர் ஒன்றும் முழுகிவிடாது.

நான் பேர் எழுதினால் அதை நீ நாளைக்கே அட்டையில் நறுக்கி எல்லாருக்கும் கொடுப்பாய். அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்.

கூட்டம் நன்றாக நடந்தது. கை தட்டினார்கள். முடிந்ததும் ஒரு கடைக்காரர் என்னிடம் வந்து, "நல்லா பேசினீங்கம்மா. எனக்கும் ரெண்டு நாளா இருமல், ஏதாவது மாத்திரை சொல்லுங்க" என்றார்.

அண்ணி ஏன் எழுதவில்லை? எவ்வளவு தையல் இருந்தாலும் இரண்டு வரி எழுதுவாரே. போன் செய்தால் தூங்குகிறாள் என்கிறாய். பகலில் தூங்குகிற ஆளா அவர்? அவர் எழுதிய பழைய வரிகளை இன்றைக்கு மறுபடி பார்த்தேன். டப்பாவில் இருந்ததைப் போட்டுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறார். என்ன டப்பா?

தங்கை


மே 6

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் எழுதக் கை வரவில்லை.

என்ன டப்பா என்று கேட்டாய். நான் இரண்டு மாத்திரை நறுக்கிக் கொடுக்கிறேன் என்று திட்டுகிறாயே, நறுக்கிய பிறகு அட்டையில் மிச்சம் நிற்பது என்ன ஆகிறது என்று என்றைக்காவது யோசித்தாயா? காலாவதித் தேதி அச்சடித்த ஓரம் எந்தத் துண்டோடு போனது என்று யாருக்குத் தெரியும்? தேதி இல்லாத துண்டை ஒருவரும் வாங்க மாட்டார்கள். மொத்த வியாபாரி திரும்ப எடுக்க மாட்டான். ஒரு மாத்திரை, மூன்று மாத்திரை என்று கிடக்கும். தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? சாயங்காலம் பையில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவருவேன். பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்போம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் டப்பாதான். இன்றைக்கு ஒரு நிறம், நாளைக்கு ஒரு நிறம். கேட்டுக்கொண்டும் இருந்தது இத்தனை வருஷமாக.

நீ பேர் எழுதவில்லை. கொள்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நல்லது. ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தவர் என் கடைப் பையைப் பார்த்துவிட்டு, "நீங்களே மருந்துக்கடைதானே சார், இதைக் கொடுத்துப் பாருங்க" என்று நான் கொடுத்து முடித்த மாத்திரையையே எழுதித் தந்தார். அந்தச் சீட்டைப் பார்த்து நான் சிரித்திருக்க வேண்டும்.

இப்போது உட்கார்ந்தபடியே இரவு போகிறது. சாய்ந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. மிஷின் பெடலை மிதிக்கக் காலில் வலு இல்லை. உன் நீலச் சட்டை ஊசிக்கு அடியில் அப்படியே நிற்கிறது.

அண்ணன்


மே 24

அண்ணா,

நான் நலம். அண்ணி எப்படி என்று நான் சொல்கிறேன், கேள்.

உன் கடிதம் வந்த அன்றே பஸ் ஏறி வந்து, அண்ணியை நான் இங்கே கூட்டிவந்ததும், நீ கூடவே வந்து மூன்றாம் நாள் "கடையை யார் பார்ப்பார்கள்" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போனதும் உனக்குத் தெரியும். வழியெல்லாம் நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் காதில் விழக் கூடாதே என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பேசுகிறேன்.

கடைக்கு வருகிற ஒருவர். உன் பெண்டாட்டியை அப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? தங்கையிடம் தோற்றுவிடுவோம் என்று பயந்தா? அண்ணி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன். ஒரு மாதம் போய்விட்டது. அந்த ஒரு மாதத்தில்தான் இடது நுரையீரலின் அடிப்பகுதி கெட்டுப்போயிருக்கிறது.

காசநோய் இல்லை என்று வந்துவிட்டது. மற்றக் கிருமியை நானே தட்டில் போட்டேன். வேறு யாரையும் தொட விடவில்லை. காலையில் மூடியைத் திறந்தபோது எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். உன் சாதாரண மாத்திரை, வட்டமில்லை. அதற்கு அடுத்தது, வட்டமில்லை. கடிகாரக்காரன் மாத்திரை, அதன் மேலேயே ஏறி வளர்ந்திருக்கிறது. உங்கள் வீட்டு டப்பாவில் என்னென்ன நிறம் இருந்திருக்கும் என்று அந்தத் தட்டைப் பார்த்தே சொல்லலாம். கடைசி வரிசையில் ஒரே ஒரு வில்லைக்கு வட்டம். அது ஊசி மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பயந்து பயந்து கொடுக்கிற மருந்து.

ரிப்போர்ட்டை நானே எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய டாக்டர் முன்னால் நின்றேன். "ஃபைல்ல வைக்க வரல சார். இது எங்க அண்ணி. படிங்க" என்றேன். படித்தார். மருந்தை மாற்றினார். பஸ் டிரைவருக்கு இப்படிப் போய் நிற்க ஒரு சொந்தக்காரி இல்லை.

காய்ச்சல் இன்று இறங்கியிருக்கிறது. நீ வர வேண்டும்.

தங்கை


ஜூன் 8

அன்புத் தங்கைக்கு,

அவள் எப்படி இருக்கிறாள்? ஊசி முடிந்ததா? சிறுநீர் சரியாகப் போகிறதா? சாப்பிடுகிறாளா? இந்தக் கடிதத்தில் இவ்வளவுதான் கேட்க வேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருந்ததற்கு நீ கோபப்பட்டாய். என்ன பேசுவது? அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "டப்பாவ என்ன பண்ணினீங்க?" என்று. அலமாரியில் இருக்கிறது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் ஒன்று சொல்கிறேன். இன்றைக்கும் கடைக்கு வந்தார்கள். ரெண்டு குடு, மூணு குடு என்று. கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். இல்லையென்று சொன்ன ஆட்கள் எல்லாம் நேராக எதிர்க்கடைக்குப் போனார்கள். நான் ஒருவன் நிறுத்தினால் நின்றுவிடுமா, அதையும் சொல்.

எழுதாமல் மட்டும் இருக்காதே.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அன்புள்ள உங்கள் இரண்டு பேருக்கும்,

ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று தபாலில் போகிறது. இன்னொன்றைக் கடையில் கல்லா மேல் வைத்துவிட்டேன். பேசினால் மூச்சு வாங்குகிறது, அதனால் எனக்கும் கடிதம்தான் வசதி.

நான் நலமில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஊசியில் கிருமி போனது, கெட்டுப்போன நுரையீரல் திரும்பவில்லை.

சின்னவளே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உன் அறையில் படுத்திருந்த வாரங்களில் இவர் உனக்கு எழுதியதையெல்லாம் படித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு நீ இவருக்கு எழுதியதைப் படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள் இரண்டு பேரும். எனக்கு அப்படி எழுத வராது. அண்ணன் சௌக்கியம் என்று எழுதிய அன்றெல்லாம் நான் பக்கத்து அறையில் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு இருமியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் கடையில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று அவர் சொன்னார். மருந்துக்கடைக்காரன் வீட்டிலேயே இருமல் நிற்கவில்லை என்றால் யார் வாங்குவார்கள் என்று.

உனக்கு நான் என்ன எழுதினேன்? தொண்டை கரகரப்பு, இருமல் என்று ஜனவரியிலேயே எழுதினேன். நீ அரைக் கை போதும் என்று பதில் போட்டாய். டப்பா என்று மார்ச்சில் எழுதினேன். கோழிப் பண்ணையைப் பற்றிப் பதில் வந்தது. ஊரில் இருக்கிற கிருமிக்கெல்லாம் உனக்குக் கோபம் வருகிறது, அது நல்ல கோபம்தான். ஆனால் ஒரு கடிதம் தவறாமல் என்னை நலமா என்று கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய். நான் சொன்ன பதில் காகிதத்தின் அடியிலேயே கிடந்தது.

டப்பாவில் இருந்ததை முழுங்கினது நான்தான். அதை யார் தலையிலும் போடவில்லை. வீணாகப் போகிறதே என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த வீட்டில் ஒருவர் பார்மசி படித்தவர். இன்னொருத்தி கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கிறவள். எனக்குத் தெரிந்தது துணி. இது கிழியும், இது கிழியாது என்று துணியைப் பற்றி நீங்கள் கேட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேனா? பதினைந்து வருஷம் அந்த டப்பா என் கண்ணுக்கு எதிரில் இருந்தது. இதைத் தொடாதே என்று ஒரு நாள் ஒருவர் சொல்லவில்லை. உங்களுக்குச் சண்டை போடத்தான் நேரம் இருந்தது, அதுவும் என் மூச்சை நடுவில் வைத்துக்கொண்டு.

கோபத்தில் எழுதுகிறேன். எழுதக் கூடாதென்று தோன்றவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். என்னைக் கொண்டுவிட வந்த அன்று டப்பாவை உன்னிடம் கொடுத்து, உன் ஆய்வகத்துக் குப்பையோடு எரிக்கச் சொல்லிவிட்டேன் இல்லையா? வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துக் கடையில் போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மூட்டைக்காரர் வந்தார். "அக்கா, சளி. ரெண்டு மாத்திரை" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்கோலைக் கயிற்றோடு அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"கத்தரிக்கோல் இல்லப்பா" என்றேன்.

"கையிலயே வச்சிருக்கீங்களேக்கா."

"இது தையலுக்கு."

அதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது. வந்தால் நிற்காது, உங்களுக்குத் தெரியும். வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். இவர் என்னை உள்ளே போகச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அவர் செய்த நல்ல காரியம். இருமி முடித்ததும் நானே சொன்னேன். "ரெண்டு ரெண்டா சாப்பிட்டதுல வந்ததுப்பா இது. இனிமே எனக்குக் கேக்கிற மருந்து ஒண்ணுதான் பாக்கி இருக்கு. அதுவும் அடுத்த தடவ கேக்குமான்னு தெரியாது." மூட்டைக்காரர் நேராக எதிர்க்கடைக்குப் போனார்.

உன் அண்ணன் என்னைப் பார்த்து, "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" என்றார். அவருக்கு இன்னும் ஜெயிக்க வேண்டும்.

சொன்னீர்கள். அதனால் நாளையிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் நம் கடை, அடுத்த ஒரு மணி நேரம் எதிர்க்கடை. அந்தக் கடைக்காரரின் மனைவியிடம் பேசிவிட்டேன். அவர்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கிறதாம். சின்னப் பிள்ளைக்கு வாரம் தவறாமல் சளியாம். நாற்காலி போடுகிறேன், வந்து உட்காருங்கள் என்றாள். நான் அங்கே பேசப் போவதில்லை. உட்கார்ந்து இருமினால் போதும்.

சின்னவளே, நீலச் சட்டை இன்னும் முடியவில்லை. பெடலை நாலு தடவை மிதித்தால் உட்கார வேண்டியிருக்கிறது. ஒரு கை இணைத்துவிட்டேன், இன்னொரு கை பாக்கி. கடைக் கத்தரிக்கோல் துணிக்குச் சரிப்படவில்லை. நூல் நறுக்க வைத்திருக்கிறேன்.

நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? பதிலைப் படிக்க எனக்கு நேரம் இருக்கிறது.

அண்ணி